கோப்பாய்க் காணிக்கு வந்த வைரவர்

மண்ணில் நாலைந்து கறுப்பு வட்டங்கள் தெரிந்ததற்காக அயல் முழுவதற்கும் கோப்பி கொடுக்கிற மனிதரை நான் நோர்வேக்கு வந்த பிறகுதான் கண்டேன். பக்கத்து வீட்டு ஆர்னே, கார் விடுவதற்கு ஒரு கொட்டில் போடவென்று பனி கரைந்த கையோடு வளவின் மூலையைத் தோண்டத் தொடங்கினார். இங்கே அப்படித் தோண்டும்போது பழையது ஏதும் தட்டுப்பட்டால் உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்தார். வந்தவர்கள் மேல்மண்ணை வழித்துவிட்டுக் கீழே கிடந்த கறுப்பு வட்டங்களைக் காட்டி, 'கோக்கேகுரூப்' என்றார்கள். ஆதிகாலத்து மனிதர் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டிய குழிகளாம். கொட்டில் வேலை அன்றோடு நின்றுபோனது. நான் செத்தவீட்டுக்குப் போகிற முகத்தை வைத்துக்கொண்டு ஆர்னேக்கு ஆறுதல் சொல்லப் போனேன். போய்ப் பார்த்தால், முற்றத்தில் மேசை போட்டு, வாஃபெல் சுட்டு, ஜாம் போத்தலைத் திறந்து வைத்து, மனிதர் கலியாண வீட்டுக்காரர் மாதிரி ஓடித் திரிகிறார். "வா, வந்து பார், என்னுடைய வளவில் கிறிஸ்து பிறக்க முதலே சமைத்திருக்கிறார்கள்!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

நான் எட்டிப் பார்த்தேன். கரி பிடித்த மண்ணும் வெடித்த கற்களும் கிடந்தன. வாயில் வந்ததைக் கேட்டேன். "இனி இந்த நிலம் யாருக்கு?" ஆர்னேக்கு விளங்கவில்லை. "எனக்குத்தான்" என்றார். "இல்லை, இந்தக் குழிகளைத் தோண்டியவர்கள் யார் என்று கண்டுபிடித்த பிறகு?" என்று திரும்பவும் கேட்டேன். அவர், "நீ இந்த மூலையை வாங்க விரும்புகிறாயா? நான் விற்பதாக இல்லையே" என்றார், மிகவும் வருத்தமாக. நானும் அதற்கு மேல் விளக்கப் போகவில்லை. ஒரு வாஃபெலை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

அவரில் பிழை இல்லை. பழைய சட்டி ஒன்று நிலத்தை விழுங்கும் என்று பயப்படுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். கிணறு வெட்டும்போதோ, அத்திவாரம் போடும்போதோ, தோட்டத்தைக் கொத்தும்போதோ பழைய ஓடு, மணி, சங்கு ஏதும் வந்தால் சத்தம் போடாமல் மூடுவதுதான் எங்கள் வழக்கம். அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வெளியே தெரிந்தால் தொல்பொருள் திணைக்களத்தார் வந்து பலகை நடுவார்கள், பிறகு அந்த மண்ணில் வேலிக்கு ஒரு கதியால் போடவும் யாரையாவது கேட்க வேண்டும் என்ற பயம். எங்கள் ஒழுங்கையில் அப்படிப் பலகை நட்ட காணியை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மற்ற இடத்துச் செய்திகளைப் பேப்பரில் படித்துப் படித்து, நிலத்துக்கு மேலே இருக்கிறதைவிடக் கீழே இருக்கிறதுக்குத்தான் நாங்கள் கூடப் பயப்படுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரமும் எங்களுக்குத் துணிவு தந்ததில்லை. கொக்குவிலில் நான் படித்த காலத்தில் ரீச்சர் கரும்பலகையில் அரசர்களின் பெயர்களையும் அவர்கள் கட்டிய குளங்களையும் வரிசையாக எழுதிப்போடுவா. பாடமாக்கி ஒப்புவித்தேன், நல்ல புள்ளிகளும் வாங்கினேன். அந்தக் குளங்கள் எல்லாம் தெற்கே எங்கேயோ இருந்தன. நாங்கள் குடியிருந்த நிலத்துக்கு அந்தப் புத்தகத்தில் கிடைத்தது ஒரு பக்கமோ என்னவோ, அதுவும் பரீட்சைக்கு வராது என்று தட்டிவிட்டுப் போகிற பக்கம். நோர்வேயில் நான் பள்ளிக்கூடமொன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். சரித்திர வகுப்பில் பிள்ளைகளோடு கடைசி வரிசை வாங்கிலில் இருக்கும்போது, வடக்கே மான் மேய்க்கிற சாமி மக்களுக்கும் அதே போல ஒரு பக்கம் இருப்பதைக் கண்டேன். அந்தப் பக்கம் எனக்கு முன்பே பழக்கம். சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கதை நேர்மாறு. அங்கே உலகத்தில் முதலில் பேசியது நாங்கள், முதலில் கப்பல் விட்டது நாங்கள், மற்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். ஒரு பக்கம் கிடைத்த கோபத்தில் மிச்சப் பக்கங்களையும் நாங்களே எழுதிவிடுகிறோம். கைதட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி, ஒளிப்பானேன்.

இந்தப் புத்தியோடுதான் இந்த ஆடியில் கோப்பாய்க்குப் போனேன். அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய காணி ஒன்று அங்கே, தம்பி வீட்டை ஒட்டி, சும்மா கிடந்தது. அதைத் தம்பி நேசனின் மகள் துளசிகாவின் பேருக்கு எழுதிக் கொடுப்பதற்காகத்தான் அந்தப் பயணம். வருகிற தையில் அவளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு எழும்பாமல் தாலி ஏறாது. துளசிகா பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். நெடுவல், கண்ணாடிக்காரி, ஸ்கூட்டியில் போகும்போது கூட வாய்க்குள் ஏதோ பாடம் சொல்லிக்கொண்டே போவாள். காணி உறுதி எழுத நாள் பார்த்து வைத்துவிட்டு, நேசன் அவசரத்தில் அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கிவிட்டான்.

நான் தேத்தண்ணி கொண்டுபோன நேரம் அலவாங்குக் கம்பி எதிலோ பட்டு ஒரு சத்தம் எழும்பியது. கிடங்குக்குள் நின்ற இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலில் வெளியே. வெடிக்கிற சாமான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சண்டை நடந்த அந்த மண்ணில் முதல் நினைப்பு அதுதான். கொஞ்ச நேரம் பொறுத்து, நேசன் குப்புறப் படுத்துக் கையால் செம்மண்ணைத் தள்ளினான். வெளியே வந்தது ஒரு சட்டி. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பில் ஒரு சின்ன உடைவு மட்டும். அதற்குப் பக்கத்தில் சங்கு வளையல் துண்டுகள், துருப்பிடித்த இரும்புக் கட்டி, சிவப்புக் கல்மணி ஒன்று. வயது போனவள் என்பதை மறந்து கிடங்குக்குள் குதித்துவிட்டேன். சட்டியின் தோளில் யாரோ கீறிய அடையாளம் ஒன்று இருந்தது. நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் வளைந்த கோடுகள். ஒரு மனிதர் இருந்து, ஆணி மாதிரி ஒன்றை எடுத்து, 'இது என்னுடையது' என்று கீறியிருக்கிறார். நான் அழுதேன். பிறகு சிரித்தேன். ஃபோனை எடுத்துப் படம் பிடித்து எங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக் குழுவுக்கு அனுப்பக் கை துறுதுறுத்தது. அனுப்பியிருந்தால் மத்தியானத்துக்குள் 'உலகின் முதல் எழுத்து கோப்பாயில்' என்று ஒரு போஸ்டர் வந்திருக்கும். நல்லகாலம், நேசன் ஃபோனைப் பறித்துவிட்டான்.

"மூடு. கெதியா மூடுங்கோ" என்றான் வேலையாட்களைப் பார்த்து.

"டேய், உனக்கென்ன விசரே? இது எவ்வளவு பழசெண்டு தெரியுமே?"

"பழசெண்டபடியால்தான் மூடச் சொல்லுறன், அக்கா. பிள்ளையின்ரை வீடு எழும்ப வேணும்."

சட்டியை இருந்த இடத்திலேயே வைத்து மண் போட்டார்கள். கதை அத்தோடு முடிந்திருந்தால் நானும் மற்றவர்களைப் போல மனதுக்குள் புழுங்கிவிட்டு விமானம் ஏறியிருப்பேன். ஆனால் நேசனுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லையாம். வேலையாட்கள் வெளியில் கதைத்தால் என்ன செய்வது? அடுத்தநாள் மத்தியானம் மோட்டார்சைக்கிளின் பின்னால் பேப்பர் சுற்றிய நீளமான சாமான் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். பிரித்தால் சூலம். புத்தம் புதுசு, எண்ணெய்ப் பளபளப்புப் போகாதது. மூடிய கிடங்குக்கு மேலே அதை நட்டு, ஒரு கல்லை வைத்து, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் குத்திவிட்டான்.

"உதென்னடா?"

"வைரவர். அந்தச் சட்டியிலை கீறிக் கிடந்ததும் சூலம்தானே. ஆரும் வந்து கேட்டா, இது எங்கடை வைரவர் இருந்த இடம் எண்டு சொல்லுவம். அவை ஒரு புத்தரை வைக்கமுந்தி நாங்கள் ஒரு வைரவரை வைச்சிட்டம்."

"மற்றவை செய்தா ஆக்கிரமிப்பு, நீ செய்தா வைரவரோ?"

"ஓம்" என்றான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நான் எவ்வளவு தூரத்திலிருந்தும் வந்திருப்பேன். இரண்டாம் நாள் முன்வீட்டுச் செல்வமணி அக்கா விளக்கு வைத்தா. அவ ஒழுங்கைக்கே மூத்த மனுசி, அவ வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை வடைமாலை வந்தது. அடுத்த கிழமைக்குள் வைரவருக்கு ஒரு வரலாறும் வந்துவிட்டது. செல்வமணி அக்கா வேலியால் எட்டி என்னிடமே சொன்னா: "உவர் எங்கடை அப்புவின்ரை காலத்திலையும் இருந்தவர் தங்கச்சி. பேந்துதான் மறைஞ்சு போனவர். இப்ப உன்ரை தம்பியின்ரை கனவிலை வந்து இடத்தைக் காட்டினவராம்." நேசன் கனவே காணவில்லை. அவன் அன்று நித்திரையே கொள்ளவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன், சிரிப்பு அடக்கமாட்டாமல். சரித்திரம் எப்படிச் சமைக்கப்படுகிறது என்று வாழ்நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். என் கண்ணுக்கு முன்னால், என்னுடைய காணியில், ஒரு கிழமைக்குள் அது சமைந்து பரிமாறியும் ஆயிற்று. இரண்டு தலைமுறை போனால், இங்கே வைரவர் இருக்கவில்லை என்று சொல்கிறவனுக்கு அடி விழும்.

துளசிகா இவ்வளவு நாளும் வெளியூரில் தங்கிப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலையில் கிடந்தவள், ஞாயிற்றுக்கிழமைதான் காணிப் பக்கம் வந்தாள். சூலத்தைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். என்னோடு வந்து கிணற்றுக்கட்டில் இருந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன், சட்டி, மணி, கீறல் எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு ஆவேசம் ஏறியது. "காணி இன்னும் என்ரை பேரிலைதானே இருக்கு. நானே போய் அறிவிக்கிறன். ஆர் என்ன செய்யிறதெண்டு பாப்பம்" என்றேன். எனக்கு அந்த நேரம் என்னையே நன்றாகப் பிடித்திருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மாமி, நீங்கள் அறிவிச்சுப்போட்டு அடுத்த மாதம் பிளேன் ஏறிடுவியள். பேந்து வாற கரைச்சலுக்கு இஞ்சை நிக்கிறது ஆர்? அப்பாவும் நானும்தானே. வீடு நிண்டு போனா, கலியாணம் தள்ளிப் போனா, அதுவும் எனக்குத்தானே."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் கணக்குச் சொல்லுகிற குரலில்தான் சொன்னாள். அதனால்தான் கூடச் சுட்டது.

"அப்ப மூடினது மூடினபடி கிடக்கட்டும் எண்டுறியோ?"

"அப்பிடியும் சொல்லேல்லை. ஒவ்வொரு வருசமும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு 'வரலாற்று மூலாதாரம்' எண்டு பலகையிலை எழுதிறன். என்ரை பிள்ளையள் ஒருத்தரும் ஒண்டைக் கண்ணாலை கண்டதில்லை. நானும் கண்டதில்லை. இப்ப அது என்ரை வீட்டு அத்திவாரத்துக்கை கிடக்குது. அதுக்கு மேலை கட்டிலைப் போட்டுப் படுத்திட்டு, காலமை போய் எப்பிடி மாமி நான் படிப்பிக்கிறது?" கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "உறுதியை முதல் எழுதித் தாங்கோ. என்ரை பேரிலை வரட்டும். பேந்து நான் முடிவெடுக்கிறன். உங்களுக்காண்டியும் இல்லை, அப்பாவுக்காண்டியும் இல்லை."

அந்தக் கிழமையே உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். கையெழுத்து வைக்கும்போது, அவள் என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. அந்தச் சட்டியைத் திரும்பக் காண்பேனோ மாட்டேனோ என்பது இனி என் கையில் இல்லை. வெளியே வந்து சர்பத் குடித்தோம். துளசிகா குழலை உறிஞ்சிக்கொண்டே, "நாளைக்கு அறிவிக்கிறன்" என்றாள். நான் நடுரோட்டில் அவளைக் கட்டிப்பிடித்தேன். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

திணைக்களத்துக்கு முறையாக அறிவித்தாள். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிக்கிறவர்களுக்கும் சொன்னாள். நேசன் மகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். வீட்டில் சோறு போடுகிற சத்தம் மட்டும்தான். பார்க்க வந்தவர்கள், தோண்டுவதென்றால் சூலத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். அதுதான் பெரிய வில்லங்கம். அதற்குள் வைரவருக்கு ஒழுங்கை முழுக்கப் பக்தர்கள். செல்வமணி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படலையில் நின்றா. "சாமியிலை கை வைச்சியள் எண்டாப் பாருங்கோ!"

துளசிகா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். நேசன் படலையடிக்குப் போய்ச் செல்வமணி அக்காவுக்கு முன்னால் நின்றான். "அக்கா, அது சாமி இல்லை. அது நான் ரவுணிலை இரும்புக்கடையிலை வாங்கினது. கனவும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. பிள்ளையின்ரை காணி போயிடும் எண்ட பயத்திலை நட்டனான்."

எல்லோரும் செல்வமணி அக்காவின் வாயைப் பார்த்தோம். அவ அசரவில்லை. "வாங்கினா என்ன? எல்லாச் சூலமும் ஒருநாள் கடையிலை இருந்ததுதானே. நான் விளக்கு வைச்சனான். இனி அவர் வைரவர்தான்" என்றா. எனக்கு அந்த மனுசியைத் தூக்கிக் கொண்டாட வேணும் போல இருந்தது. ஒரு சாமி பிறக்கிற விதத்தை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்வார்? கடைசியில் துளசிகாதான் வழி கண்டாள். வேலியோரம் நின்ற வேப்பமரத்தடியில் வைரவருக்கு இடம் ஒதுக்கி, பொங்கிப் படைத்து, ஐயரைக் கூப்பிட்டு மரியாதையாகக் குடியேற்றினோம். அவர் பழையவர் என்று இனி ஒருவரும் சொல்லப் போவதில்லை என்ற பேச்சோடு. செல்வமணி அக்கா முதல் கரண்டிப் பொங்கலை நேசனுக்குத்தான் கொடுத்தா.

தோண்டத் தொடங்கிய நாள் காலை எனக்குப் பாண் இறங்கவில்லை. நோர்வேயில் தமிழ்ச் சங்கத்துக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு ஆண்டுவிழாவுக்குப் போகிற பரபரப்பு எல்லாம் இதற்குக் கிட்டவும் வராது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் தூரிகையும் வாளியுமாக வந்து இறங்கினார்கள். திணைக்களத்தின் சார்பில் தெற்கிலிருந்து இளம் சிங்கள அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அவரைக் கண்டதும் நேசனின் முகம் கல்லாகிப் போனது. அந்தப் பொடியன் யாரையும் பார்க்கவில்லை. சட்டி தலை காட்டியதும் முழங்காலில் விழுந்து, உடைந்த தமிழில், "அம்மே, இந்த மாதிரி எங்க ஊரிலயும் இருக்கு! அப்பிடியே இருக்கு!" என்று கத்தினார். நேசன் சும்மா இருப்பானா? "அப்ப இது ஆரின்ரை?" என்று கேட்டான். அதிகாரி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் தெரியாது. கொஞ்சம் ஆழமாத் தோண்ட வேணும்" என்றார். நேசன் அவரை முறைத்துப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். அந்த நேரத்திலிருந்து கிடங்கைச் சுற்றி வருகிற ஆடுகளைத் துரத்துகிற வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான்.

பத்து மணிக்குத் துளசிகாவின் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வரிசையாக வந்தார்கள். சட்டியை முதன்முதலாகக் கண்டபோது அவர்கள் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கீறலைப் பார்த்து ஒருவன் சூலம் என்றான், ஒருவன் மீன்முள் என்றான், ஒருவன் எழுத்து என்றான். ஒரு பெட்டை, "ரீச்சர், அவை என்ன பாஷை கதைச்சவை?" என்று கேட்டாள். பெரியவர்கள் எல்லோரும் துளசிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். துளசிகா கிடங்குக்குள் நின்றபடியே சொன்னாள்: "எனக்குத் தெரியாது, பிள்ளை. சட்டி சொல்லேல்லை. சொல்லாததை நாங்கள் எழுதக்கூடாது." ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்கு முன்னால் 'தெரியாது' என்று சொன்னதை நான் அந்த மண்ணில் அதற்கு முதல் கேட்டதில்லை. அவள் வீடு எப்போது எழும்பும், தையில் தாலி ஏறுமோ என்று ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனாலும் முகம் முழுக்கச் செம்மண்ணோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நானும் இறங்கிவிடலாம் என்று சேலையைத் தூக்கிச் செருகினேன். கிடங்கைச் சுற்றி மஞ்சள் நைலோன் கயிறு கட்டிக்கொண்டிருந்த பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி ஓடி வந்தாள். "அன்ரி, வேலை செய்யிற ஆக்களும் காணிக்காரரும் மட்டும்தான் உள்ளுக்கை நிக்கலாம். நீங்கள் வெளிநாட்டிலை இருந்து வந்தனீங்களென்ன? குறை நினையாமல் கயித்துக்கு அங்காலை நில்லுங்கோ." 'இது என்ரை காணி' என்று சொல்ல வாய் திறந்தேன். என் கையால் எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு அடி பின்னுக்கு வைத்தேன். கீழே சட்டியை மெல்ல மெல்ல அசைக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கால் இரண்டும் கயிற்றுக்கு வெளியே நிற்க, வயிற்றில் கயிறு வெட்ட வெட்ட, இடுப்புக்கு மேலே முழுவதும் உள்ளே சாய்ந்துகொண்டு, "கவனம், பிள்ளையள், கவனம்!" என்று கத்திக்கொண்டு நின்றேன்.